டப்பிக்குள் தேயிலைப் பஞ்சு

புதன்கிழமை காலை மீகொல்லைத் தேயிலைத் தோட்டத்தின் மருந்தறையான மருந்துக் காம்பராவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி வந்து இறங்கியது. அதற்குள் நுணுக்குக்காட்டி இருக்கிறது என்றும், அதன் தலையில் ஒரு கேமரா பூட்டியிருக்கிறது என்றும் பத்து மணிக்குள் தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயங்களுக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கேமரா எடுக்கும் படம் நேராகத் தோட்ட மேலாளரான தொரையின் ஆபீசுக்குப் போகிறது என்பதும் பதினொரு மணிக்குத் தெரிந்துவிட்டது. முதல் செய்தி உண்மை. இரண்டாவது யார் வாயில் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது.

சந்தேகப்பட அவர்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் கண் பரிசோதனை என்று யட்டியாந்தோட்டை டவுன் பக்கமிருந்து சிலர் வந்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே போய், சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படித்துக் காட்டினார்கள். அடுத்த மாதம், பார்வை மங்கிய மூன்று பெண்களை ஸ்டோர் என்னும் தேயிலை ஆலை வேலையிலிருந்து எடுத்து மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து, யாராவது ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தால் தோட்டத்து ஜனங்கள் முதலில் கேட்பது, யாருக்கு வேலை போகும் என்பதுதான்.

அன்றைக்கு அதிகம் பயந்தவள் பரிமளம். அவள் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் மலைக்கும் ஸ்டோருக்கும் போகும்போது விட்டுவிட்டுப் போகும் இருபத்திரண்டு குழந்தைகளைப் பதினான்கு வருஷமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். சொந்தப் பிள்ளை இல்லாத அவளை, நடக்கத் தெரிந்த குழந்தை எல்லாம் "ஆயம்மா" என்றுதான் கூப்பிடும். மழை பிடித்த நாளில் தொடங்கிய இருமல் மூன்று வாரமாகியும் அவளை விடவில்லை.

செஸ்ட் கிளினிக்கிலிருந்து பெட்டியோடு வந்த பெண்ணின் பெயர் றஸ்மியா. முப்பது வயதிருக்கும். தலையை மூடிய சால்வையும் முகக்கவசமுமாக இருந்ததால், பரிமளத்துக்கு அவளுடைய கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பிள்ளைகளோடு பழகுகிறவர்களைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி, பரிமளத்தின் பெயர் எழுதிய ஒரு சிறிய டப்பியை நீட்டினாள்.

"நாளைக்குக் காலையில எழும்பின உடனே வாயைக் கொப்பளிச்சு, நல்லா மூச்சை இழுத்து, நெஞ்சுக்குள்ள இருந்து இருமி எடுங்க அக்கா. எச்சில் வேணாம். சளிதான் வேணும்."

"படம் யாருக்குப் போகுது மிஸ்?"

"கொழும்புல ஒரு நெஞ்சு டாக்டருக்கு. இங்க இருந்தே அனுப்பினா, அவங்க அங்க இருந்து பார்த்துச் சொல்லுவாங்க. நீங்க பஸ் ஏறி அலையத் தேவையில்ல."

"டாக்டர் யாருக்குச் சொல்லுவாங்க?"

"எனக்கு."

"நீங்க யாருக்குச் சொல்லுவீங்க?"

றஸ்மியா சிரித்தாள். "உங்களுக்கு."

முகக்கவசத்துக்குள் சிரித்த அந்தச் சிரிப்பைப் பரிமளம் நம்பவில்லை. டப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் விடியற்காலை, தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் சசியிடம் விஷயத்தைச் சொன்னாள். சசி அவளுக்கு அடுத்த காம்பராக்காரி. ஸ்டோரில் தூள் சலிக்கும் காம்பராவில் வேலை. இருவருக்கும் இடையில் ஒரு சுவர்தான். உப்பு முடிந்தால் உப்பு, தீப்பெட்டி நனைந்தால் தீப்பெட்டி என்று அந்தச் சுவரைத் தாண்டிப் போகாத பொருளே இல்லை.

"எனக்கு வியாதின்னு வந்துச்சுன்னா பிள்ளைக்காம்பரா போச்சுடி. அப்புறம் எந்தத் தாய் என்கிட்ட பிள்ளைய விடுவா?" என்றாள் பரிமளம்.

சசி வாளியைக் கீழே வைத்தாள். "அந்த டப்பியக் குடு இங்க."

"எதுக்கு?"

"என் சளியக் குடுக்கிறேன். உனக்கு மூணு வாரமா இருமல். எனக்கு அஞ்சு மாசமா இருமல். ஆனா என்னோடது ஸ்டோர் இருமல்தானே. அதுல வியாதி இல்ல, தூசிதான் இருக்கும். தூசிக்காக யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

அந்தத் தோட்டத்தில் இருமல் இரண்டு வகை. ஒன்று வியாதி இருமல். அதற்கு மருந்துக் காம்பராவுக்குப் போக வேண்டும். மற்றது ஸ்டோர் இருமல். அதை யாரும் இருமல் என்றே எண்ணுவதில்லை. சலிக்கும் காம்பராவில் நிற்பவர்கள் இருமாவிட்டால்தான், இன்றைக்கு வேலைக்குப் போகவில்லையா என்று கேட்பார்கள்.

"பாவமில்லையாடி?" என்றாள் பரிமளம்.

"அனே, போடி. உப்புக் கேட்டா உப்புக் குடுக்கல? இன்னைக்குச் சளி வேணும், சளி குடுக்கிறேன்." சசி சுவரோரம் போய் நின்று, கண்ணில் நீர் வர இருமி, டப்பியை மூடிக் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போ. நல்ல கெட்டிச் சரக்கு."

பரிமளமும் சிரித்துவிட்டாள். மனதுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் டப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. மருந்துக் காம்பரா ஜன்னலோரமாக நின்று கவனித்தாள். றஸ்மியா சளியைக் கண்ணாடித் துண்டில் பூசிக் காயவைத்தாள். சிவப்பு மை ஊற்றினாள், கழுவினாள், நீல மை ஊற்றினாள். வெகு நேரம் கழித்து அதை நுணுக்குக்காட்டியில் வைத்தபோது பக்கத்திலிருந்த திரையில் நீல நிறம் பரவியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துச் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் பேசினாள். பரிமளத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் கதவும் ஜன்னல் கண்ணாடியும் சாத்தியிருந்ததால் வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்கள் நல்லதையா பேசுவார்கள் என்று நினைத்தபடி வேலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு றஸ்மியா பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். பரிமளத்தை வெளியே, பலா மரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, பயப்படாதீங்க. படத்துல காசநோய்க் கிருமி தெரியுதுன்னு டாக்டர் சொல்றாங்க. திங்கக்கிழமை இன்னொரு தடவை சளி எடுத்து, ஆஸ்பத்திரியில பெரிய மெஷின்லயும் போட்டு உறுதிப்படுத்தணும். அது வரைக்கும் பிள்ளைங்ககிட்ட போக வேணாம். ஆறு மாசம் ஒழுங்கா மருந்து குடிச்சா முழுசாச் சுகமாயிடும்."

றஸ்மியா வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் பதினான்கு வருஷத்தில் ஒரு நாளும் பகல் பத்து மணிக்கு வீட்டுக்குப் போகாத ஆயா குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தால், அதைவிட வேறு யார் வந்து என்ன சொல்ல வேண்டும்?

அன்று மாலை பைப்படியில் பரிமளத்துக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். "நீங்க மொதல்ல பிடிங்கக்கா" என்று பத்தடி தள்ளி நின்றார்கள். அத்தனை மரியாதை அவளுக்கு அந்தப் பைப்படியில் ஒரு நாளும் கிடைத்ததில்லை. வாளி நிறையும் வரை அவள் தலை நிமிரவில்லை.

சசி மட்டும் வேலை விட்ட கையோடு, தலையில் தூள் கூடத் தட்டாமல் ஓடிவந்தாள். முகத்தில் கோபமும் குதூகலமும் சேர்ந்திருந்தன.

"பிடிபட்டாங்க பாத்தியா!"

"யாருடி?"

"அவங்கதான்! யோசிச்சுப் பாரு. அது உன் சளியா? என் சளி. எனக்கு என்ன வியாதி? ஒண்ணுமில்ல. ஆனா உன் பேர்ல வியாதின்னு எழுதிட்டாங்க. அப்ப என்ன அர்த்தம்? படமும் இல்ல, டாக்டரும் இல்ல. உன்னத் தூக்கணும்னு முந்தியே முடிவு பண்ணிட்டுத்தான் பெட்டியக் கொண்டாந்திருக்காங்க."

பரிமளம் அதைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தாள். சொன்னதில் ஓர் ஓட்டையும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் செய்த தப்பு இப்போது கையில் கிடைத்த ஆயுதம் போல இருந்தது. அதைக் கொண்டு தன் பிள்ளைக்காம்பராவை மீட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததும் இரண்டு நாளாக இறங்காத சோறு இறங்கியது.

இருவரும் தொழிற்சங்கத் தலைவர் பழனிமுத்துவிடம் போனார்கள். கொடுத்தது பரிமளத்தின் சளி இல்லை என்பதை மட்டும் சொன்னார்கள். யாருடையது என்று கேட்டதற்கு, "நேரம் வரட்டும் தலைவரே" என்று சசி கண்ணைச் சிமிட்டினாள்.

பழனிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சரி, சரி! இது போதும். திங்கக்கிழமை அந்தப் பெட்டிக்கார நோனா வரும்போது நான் வந்து குந்திக்கிறேன். முதல்ல அவ வாயாலயே வியாதின்னு சொல்ல வை. அப்புறம் நீ போடு ஒரே போடா. அந்தப் பெட்டிய யட்டியாந்தோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தலையில சுமக்க வைக்கிறேனா இல்லையா பாரு."

ஞாயிற்றுக்கிழமை பகல், வேலை ஒன்றும் இல்லாமல் பரிமளம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் சசி இருமினாள். ஐந்து மாதமாகக் கேட்கும் இருமல்தான். அதைக் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். சிறிது நேரத்தில் சசியே தேத்தண்ணியோடு வந்தாள். டம்ளரை நீட்டிய கையில் வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

"ஏண்டி இப்படி மெலிஞ்சிட்ட?"

"அழகு குறையாமப் பாத்துக்கிறேன். ஏன், பொறாமையா?" என்று சசி சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. 'ஸ்டோர் இருமல்' என்று பரிமளம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

திங்கள் காலை பழனிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பரிமளத்தின் காம்பராவில் முக்காலியில் அமர்ந்தார். சசி வேலைக்குப் போயிருந்தாள். ஒன்பது மணிக்கு றஸ்மியா புது டப்பியோடு வந்து, உள்ளே வராமல் வாசல் படியிலேயே உட்கார்ந்தாள். அங்கேதான் காற்றோட்டம் என்றாள்.

பரிமளம் ஒரு பேச்சுக்குத்தான், "தேத்தண்ணி குடிக்கிறீங்களா மிஸ்?" என்று கேட்டாள். கேட்டபின் வெட்கமாகிவிட்டது. மூன்று நாளாக அந்த லயத்தில் அவள் டம்ளரை சசியைத் தவிர யாரும் தொடவில்லை.

"நிறையச் சீனி போட்டுத் தாங்க" என்றாள் றஸ்மியா.

டம்ளர் வந்தது. றஸ்மியா முகக்கவசத்தை இறக்கி, ஊதி ஊதி, அடியில் கிடந்த சீனி வரைக்கும் குடித்தாள். பழனிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். றஸ்மியா அவரிடம் சொன்னாள்: "இந்த வியாதி டம்ளர்ல ஒட்டாது அண்ணன். இருமுற காத்துலதான் வரும். ஆளைத் தள்ளி வைக்கிறதை விட, ஜன்னலைத் திறந்து வைக்கிறது நல்லது."

பரிமளம் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். இவளையா பொய்க்காரி என்று நிறுத்தப் போகிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. பழனிமுத்து கனைத்து ஜாடை காட்டினார். அவள் பேச வாயெடுப்பதற்குள் றஸ்மியா போனை எடுத்தாள்.

"டப்பி தர முந்தி ஒரு விஷயம் கேக்கணும் அக்கா. டாக்டர் கேக்கச் சொன்னாங்க. நீங்க முந்தி ஸ்டோர்ல வேலை செஞ்சிருக்கீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"உங்க சளியில ஒரு நார் மாதிரி தெரியுது. டாக்டர் முதல்ல பஞ்சுன்னு நினைச்சாங்க. பிறகு பெரிசாக்கிப் பார்த்தா, செடியில இருக்கிற ரோமமாம். இவங்க தேயிலைத் தூள் பறக்கிற இடத்துல நிக்கிறவங்களான்னு கேக்குறாங்க. பாருங்க."

திரையில் நீல வயல் போல ஒரு பரப்பு. நடுவே பொன்னிறமாக வளைந்த ஒரே ஒரு நார். அதன் அருகில், மருதாணிக் குச்சியை ஒடித்துச் சிதறவிட்ட மாதிரி சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள்.

அந்த நாரைப் பரிமளத்துக்குத் தெரியும். தேயிலைப் பஞ்சு. கொழுந்தின் அடியில் இருக்கும் மென்மயிர், காய்ந்து சலிக்கும்போது பறந்து, சலிக்கும் காம்பராவின் உத்தரங்களில் மஞ்சளாகப் படியும். தினமும் மாலையில் சசியின் தலையிலும் புருவத்திலும் இருப்பது அதுதான்.

கொழும்பில் இருக்கும் ஒரு டாக்டருக்கு மீகொல்லை ஸ்டோரைப் பற்றி யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. படம்தான் சொல்லியிருக்கிறது. முந்தியே முடிவு பண்ணி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் பொன்னிற நார் உண்மை. நார் உண்மை என்றால் பக்கத்தில் கிடக்கும் சிவப்புக் கோடுகளும் உண்மை.

சசியின் வளையல் முழங்கை வரை சரிந்தது அவள் கண் முன்னால் வந்தது. அதன் பின்னாலேயே சசியின் மகள் தனுஷியின் முகமும் வந்தது. இரண்டரை வயது. பகல் தூக்கத்துக்கு ஆயம்மாவின் மடிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவள். பிள்ளைக்காம்பராவில் மாதா மாதம் நிறுக்கும்போது, தனுஷியின் அட்டையில் கோடு இரண்டு மாதமாக ஏறவில்லை. மழைக் காலம், சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று எழுதிவைத்தது பரிமளமேதான்.

"சொல்லு பரிமளம்," என்றார் பழனிமுத்து. "சொல்ல வேண்டியதை இப்பச் சொல்லு."

சொல்ல வேண்டிய வார்த்தை அதேதான்: அது என் சளி இல்லை. இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதைச் சொன்னால் இப்போது யாருடைய பெட்டியும் பஸ் ஏறாது. ஏமாற்றியவள் என்று அவள் பெயர்தான் ஏட்டில் ஏறும். சொல்லாவிட்டால்? புது டப்பியில் தன் சளியையே கொடுத்துவிட்டு, நல்ல முடிவு வந்தால் வேலைக்குத் திரும்பலாம். யாருக்கும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"தலைவரே, நீங்க போயிட்டு வாங்க," என்றாள்.

"என்னது?"

"இது பொம்பளைங்க பேச்சு. உங்கள அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

"நாளைக்குத் தலைவரே தலைவரேன்னு வந்து நிக்காதீங்க!" பழனிமுத்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியேறினார். சசியின் பெயர் அவர் காதில் விழாமல் போனதில் பரிமளத்துக்கு ஒரு சின்ன நிம்மதி.

அவர் பாதை வளைவைத் தாண்டியதும் அவள் றஸ்மியாவின் எதிரே தரையில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் றஸ்மியா போனைப் பைக்குள் வைத்தாள்.

"பெரிய பிழை செஞ்சிட்டீங்க அக்கா. நான் இதை எழுதாம இருக்க ஏலாது."

"எழுதுங்க மிஸ். மொதல்ல அவளைப் பாருங்க."

ஸ்டோரில் பத்து மணித் தேத்தண்ணி நேரம். சசி வெளியே வந்தாள். புருவம் எல்லாம் மஞ்சள். றஸ்மியாவைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பரிமளத்தைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

"காட்டிக் குடுத்துட்டியா? உன் வேலையக் காப்பாத்த என்ன மாட்டி விட்டியா? கேக்காமலே குடுத்தேனே, எனக்கு இதுவும் வேணும்!"

"படத்துல தேயிலைப் பஞ்சு இருக்கு சசி. நானே பாத்தேன்."

"நீயும் அவங்க பக்கம் போயிட்ட."

"தனுஷி ரெண்டு மாசமா எடை கூடல." பரிமளத்துக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான் அட்டையில எழுதினேன். எனக்குத்தான் புத்தி இல்ல."

சசி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. முடியும் வரை நின்றாள். பிறகு ஸ்டோர்ச் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டினாள். றஸ்மியா தன் பையிலிருந்து ஒரு டப்பியை எடுத்து, அதில் சசியின் பெயரை எழுதி, அந்தக் கையில் வைத்தாள்.

ஆஸ்பத்திரி மெஷினும் அதையே சொன்னது. சசிக்கு ஆறு மாத மருந்து. தனுஷியின் நெஞ்சிலும் வியாதி மெல்லத் தொட்டிருந்தது. ஆரம்பம்தான், சுகமாகிவிடும் என்று டாக்டர்கள் குழந்தைக்கும் மருந்து தொடங்கினார்கள். பரிமளம் தன் நெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுத்த சளியில் ஒன்றும் இல்லை. மழையும் அடுப்புப் புகையும்தான் என்றார்கள். ஆனால் டப்பியை மாற்றிக் கொடுத்ததற்காக, ஒரு மாதம் பிள்ளைக்காம்பராப் பக்கம் வரக்கூடாது என்று தோட்டத்து நலன்புரி அதிகாரி எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு கும்பிட்டாள். அதிகம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மருந்தை ஒருவர் கண் பார்க்கத்தான் விழுங்க வேண்டும் என்பது கிளினிக்கின் ஒழுங்கு. லயத்தில் யார் பார்ப்பது என்று றஸ்மியா கேட்டபோது யாரும் முன்வரவில்லை. ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தவள் பரிமளம்தான். தினமும் காலை ஏழு மணிக்கு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு சசியின் வாசலுக்குப் போனாள். சசி விழுங்குவாள், டம்ளரை வைப்பாள், உள்ளே போய்விடுவாள். ஒன்பது நாள் ஒரு வார்த்தை இல்லை. பரிமளம் டம்ளரைக் கழுவி, அதிலேயே தன் தேத்தண்ணியை ஊற்றிக் குடித்தாள், பைப்படியிலிருந்து எல்லோரும் பார்க்கும்படி.

பத்தாம் நாள் சசி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"வாயைத் திற," என்றாள் பரிமளம். "நாக்கைத் தூக்கு."

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"சளியையே மாத்திக் குடுத்தவ நீ. உன்ன எப்படி நம்புறது?"

சசி அவளை முறைத்தாள். பிறகு தண்ணீர் மூக்கில் ஏறச் சிரித்தாள். பரிமளம் முதுகைத் தடவிவிட்டாள்.

"அன்னைக்கு நீ அந்த டப்பியக் கொண்டு வராம இருந்திருந்தா, என் இருமல யாரு கேட்டிருப்பா?" என்றாள் சசி, மூச்சு வாங்கியபடி. "ஸ்டோர் இருமல்னு தள்ளி விட்டிருப்பீங்க."

பரிமளம் டம்ளரை எடுத்துக்கொண்டாள். சசி தோழிக்காகக் கொடுத்தது கொடுத்தவளையே காப்பாற்றத் திரும்பி வந்ததை நினைத்துக்கொண்டாள். கடவுள் எந்தப் பாத்திரத்தையும், ஒரு சளி டப்பியையும்கூட, கேவலம் என்று தள்ளுவதில்லை போலிருக்கிறது.

ஒரு மாதம் முடிந்த திங்கட்கிழமை அவள் பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பினாள். உள்ளே போனதும் எல்லா ஜன்னல்களையும் திறந்தாள். அன்று நிறுக்கும் நாள். சில தாய்மார் இன்னும் வாசலில் தயங்கியே நின்றார்கள். தொங்கு தராசின் பையில் முதலில் தனுஷியைத்தான் உட்கார வைத்தாள். முள் அசைந்து, பழைய எடையைத் தாண்டி நின்றது. பரிமளத்துக்கு நம்பிக்கை வரவில்லை. குழந்தையைத் தூக்கிவிட்டு, முள்ளைத் தட்டிச் சரிபார்த்து, மறுபடியும் உட்கார வைத்தாள்.

அதே இடத்தில்தான் நின்றது.